மீன்வாய்க்குக் கீழே

ஏப்ரல் 11, சனி

நல்ல வெயில். மேகம் இல்லை. இரவும் இப்படியே தெளிவாக இருந்தால் பனி இறுகிவிடும், நாளை காலை மலையில் பொன்னான பனி. எனக்குத்தான் கொடுப்பினை இல்லை.

காரணம்: சேலைச் சட்டை அளவு. அடுத்த சனிக்கிழமை சின்னம்மாவின் மகள் ஆரணிக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை. மாம்பழ மஞ்சளாம். கண்ணாடியில் பார்த்தேன், காமாலை வந்தவள் போல இருக்கிறேன். நாளை வின்டர்தூரில் தையல்கார அக்கா வீட்டில் கடைசி அளவு. போகாவிட்டால் சின்னம்மா என்னைத் தைத்துவிடுவார்.

சின்னம்மா போனில்: "துளசி, நீதான் விளக்குத் தட்டோடை முன்னுக்கு வரவேணும். மூத்த அக்கா நீதானே. அடுத்தது உன்ரை கலியாணம்."

பக்கத்தில் இருந்த எல்லாரும் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். முப்பத்தொரு வயதில் இதற்கெல்லாம் சிரிக்கப் பழகிவிட்டது.

செய்ய வேண்டியவை:
– வளையல், பொட்டு
– திங்கள் காலை நோயாளி நேரம் மாற்ற
– அம்மாவின் பிரஷர் குளிசை
– யோனாஸுக்கு ரோல்ஸ்

கடைசி வேலை முடிந்தது. எங்கள் ஊர் வில் ரயில் ஸ்டேசனில் வைத்துக் கொடுத்தேன். அம்மா பொரித்த ரோல்ஸ். வேலையிடத்துக்கு என்று சொல்லி எடுத்துப் போனேன். பொய் இல்லை. யோனாஸும் வேலையிடம்தான், நான் முதுகுகளோடு மல்லுக்கட்ட, அடுத்த அறையில் முழங்கால்களோடு மல்லுக்கட்டுகிற பிசியோதெரபிஸ்ட். மூன்று வருடமாக என்னுடையவன். அம்மாவுக்குத் தெரியாது. இந்த வருடம் சொல்லலாம் என்று மூன்று வருடமாக இருக்கிறோம்.

நாளை அவனும் அவன் சிநேகிதன் ரேத்தோவும் ஸ்கீயோடு வாலன் ஏரிக்கு மேலே மலையில். பனிச்சரிவு அறிக்கை பார்த்தேன்: காலையில் ஆபத்து குறைவு, பகல் ஏற மிதம். புல்வெளிச் சரிவுகளில் மீன்வாய்களுக்குக் கீழே தங்க வேண்டாம்.

எங்கள் பனி அகராதி, மறக்காமல் இருக்க. தமிழில் பனிக்குப் பனி என்று ஒரே சொல்தானா என்று அவன் கேட்டுக் கேட்டு நச்சரித்ததால் நான் செய்து கொடுத்தவை:

அப்பப்பனி – இரவு இறுகி, காலை வெயிலில் மேல்தோல் மட்டும் இளகினது. இதற்காகத்தான் விடியுமுன் எழும்பி ஏறுகிறார்கள். (அப்பத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவனுக்கு அப்பம் பிடிக்கும்.)

புக்கைப்பனி – மத்தியானம் பொங்கல் புக்கை போலக் குழைந்து முழங்கால் வரை விழுங்குகிற ஊறின பனி. இது தொடங்க முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

மீன்வாய் – இது என் சொல் இல்லை, இங்குள்ளவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். புல்லின் மேல் கிடக்கிற பனி அப்படியே முழுப் போர்வையாக வழுகத் தொடங்கும்போது மேலே பிளக்கிற வெடிப்பு. ஒரு மாதம் வாயைத் திறந்தபடி சும்மா இருக்கும். பிறகு ஒருநாள் விழும். காலையா மாலையா என்று எந்த அறிக்கையாலும் சொல்ல முடியாது.

அவனுடைய சட்டம்: மீன்வாய்க்குக் கீழே நின்று சாப்பிடாதே, கதைக்காதே, முத்தமிடாதே. மூன்றாவதை ஒருமுறை மீறியிருக்கிறோம்.


ஏப்ரல் 12, ஞாயிறு

தையல்கார அக்கா வீட்டில் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது ரேத்தோவின் போன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. திரும்ப.

பனி விழுந்தது. யோனாஸ் கீழே. எடுத்துவிட்டார்கள். ஹெலிகொப்டர் வந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஒன்றும் செய்ய முடியவில்லை" என்று ரேத்தோ திரும்பத் திரும்பச் சொன்னான். நான் "ஓம், ஓம்" என்று தமிழில் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கூட வந்திருந்த அம்மா: "ஆர் பிள்ளை?"

"வேலையிடம்."

தையல்கார அக்கா: "அசையாமல் நில்லும் துளசி, ஊசி குத்தப் போகுது."

அசையாமல் நின்றேன்.


ஏப்ரல் 13, திங்கள்

மழைத் தூறல். வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அம்மா முகத்தைப் பார்ப்பார்.

வரவேற்பு மேசையில் அவன் படமும் ஒரு மெழுகுதிரியும். அங்கே எல்லாருக்கும் எங்களைப் பற்றித் தெரியும். ஒருத்தி கட்டிப்பிடித்தாள், ஒருத்தி வீட்டுக்குப் போகச் சொன்னாள். எந்த வீட்டுக்கு? அவனுடைய அறைக்கா, என்னுடையதற்கா? போகவில்லை. எட்டு முதுகு பார்த்தேனோ ஒன்பதோ, தெரியாது. ஒரு கிழவர் "இன்று உன் கை சூடாக இருக்கிறது" என்றார்.

அவன் அலுமாரியில் என் பனிக் கையுறை, என் தொப்பி, என் எல்.வி.எஸ். அதுதான் பனிக்குள் புதைந்தால் இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கிற சிறு கருவி. நெஞ்சில் கட்டுவது. என்னுடையதை அவன் வைத்திருந்தான், அம்மா கண்டால் என்னவென்று கேட்பார் என்று. பற்றரி போட்டு வைத்திருக்கிறான். புது பற்றரி.

அறிக்கை பார்த்தேன். பழக்கதோஷம். இன்று மிதம். நேற்றும் மிதம்தான். மிதம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை ஒருநாள் பார்க்க வேண்டும்.

பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். எங்களோடு வேலை செய்கிற பெடியன், பனிச்சரிவில், நேற்று.

"ஐயோ. எந்தப் பெடியன்?"

"ஒருக்கா என்னைக் காரிலை கொண்டுவந்து விட்டவன். மழைக்கு."

"தேத்தண்ணி குடிச்ச பெடியனோ? ஐயோ, அந்தப் பிள்ளையோ. கப்பைத் தானே கழுவி வைச்சிட்டுப் போனது. பெத்தவள் என்ன பாடுபடுறாளோ."

பிறகு உருளைக்கிழங்கு வெட்டப் போய்விட்டார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.


ஏப்ரல் 14, செவ்வாய். புத்தாண்டு

புத்தாண்டுத் தலைமுழுக்குக்குக் கோயிலில் போத்தலில் தந்த மருத்துநீர். அம்மா வேலைக்கு முன்பே எழுப்பிவிட்டார். குசினிக்குள் ஸ்டூலில் இருத்தித் தலையில் தடவினார். குளிர்ந்த நீர், மஞ்சளும் வேரும் கலந்த மணம்.

"குனி பிள்ளை. இந்த வருஷமாவது உனக்கு ஒரு நல்லது நடக்கட்டும்."

அழுகை வந்துவிட்டது.

"கண்ணுக்கை போட்டுதோ?"

"ஓம்."

துவாயால் துடைத்துவிட்டார். கண்ணை மட்டும் இல்லை, முகம் முழுக்க, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. அந்தத் துவாய்க்குள் சொல்லியிருக்கலாம். புத்தாண்டில் எப்படிச் சொல்வது? கைவிசேஷக் காசு தந்தார், வாங்கினேன். புதுச்சட்டை போட்டேன். செத்துப்போனவர் வீட்டில் யாரும் புதுச்சட்டை போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போன புத்தாண்டுக்கு யோனாஸ் எனக்கு அனுப்பிய வாழ்த்து: "ஓம் புத்தாண்டு". எல்லாவற்றுக்கும் முன்னால் ஓம் போடுவான். ஓம் காப்பி. ஓம் மழை. அது மந்திரம் இல்லை, வெறும் ஆமாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டான்.

இரவுச் சாப்பாடு. பாயாசம். சுற்றி வளைத்துக் கேட்டேன், துடக்கைப் பற்றி, அதாவது தீட்டைப் பற்றி.

"அம்மா, சிநேகிதர் ஆரும் செத்தால் எங்களுக்குத் துடக்கு இருக்கோ?"

"சிநேகிதருக்கு என்ன துடக்கு? துடக்கு எண்டால் உரித்துக்காரருக்குத்தான். ரத்தம், இல்லாட்டில் தாலி. சும்மா தெரிஞ்சவைக்கெல்லாம் துடக்குக் காத்தால் சனம் கோயில் வாசலே மிதிக்கேலாது." பிறகு, "அந்தப் பெடியனை நினைச்சோ கேக்கிறாய்? அவைக்கு உதொண்டும் இல்லைப் பிள்ளை."

அவைக்கு, இங்குள்ளவர்களுக்கு, இல்லை. சரி. எனக்கு?


ஏப்ரல் 15, புதன்

சூடு. பதினெட்டுப் பாகை. பல்கனியில் அம்மாவின் மிளகாய்க் கன்றுகள் வெளியே வந்தாயிற்று. மேலே எல்லாம் உருகிக்கொண்டிருக்கும்.

யோனாஸின் அம்மா போன் எடுத்துக் கதைத்தார். எல்ஸ்பெத். சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஏரிக்கரைத் தேவாலயத்தில் இறுதிச்சடங்கு. "நீ எங்களோடு முன்வரிசையில் இருக்கிறாய், கேள்வியே இல்லை" என்றார். பிறகு என் அம்மாவும் வருவாரா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான், எல்லாம் சொல்லியிருக்கிறான். நான்தான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

ஒரே சனிக்கிழமை. அங்கே முன்வரிசை, இங்கே விளக்குத் தட்டோடு முன்னுக்கு. எல்லாருக்கும் நான் முன்னுக்குத்தான் தேவைப்படுகிறேன்.

அம்மாவிடம், வேலையிடத்தில் எல்லாரும் செத்தவீட்டுக்குப் போகிறார்கள், நானும் போக வேண்டும் என்றேன்.

"பூ அனுப்பு பிள்ளை. செத்தவீட்டுக்குப் போட்டு வந்து நல்ல காரியத்திலை விளக்கு ஏந்தேலாது."

"தட்டை வேறை ஆரும் தூக்கட்டும்."

அம்மா வெங்காயக் கூடையை இழுத்தார். வெங்காயம் உரித்தபடியே சொன்னார்: "நான் தூக்கேலாது, தெரியும்தானே. அப்பா போனாப்பிறகு எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் எனக்குப் பின்வரிசைக் கதிரை. ஒருத்தரும் போ எண்டு சொல்லேல்லை. நானாத்தான் போய் இருக்கிறனான். எங்கடை வீட்டிலை இருந்து ஒரு தட்டாவது முன்னுக்குப் போகட்டும் எண்டு ஒரு ஆசை. உனக்கு அது விளங்காது."

விளங்குகிறது. விளங்காமல் இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.


ஏப்ரல் 16, வியாழன்

மேகமூட்டம். சுகமில்லை என்று வேலைக்கு அறிவித்துவிட்டு ரேத்தோவோடு போனேன். அந்த இடத்தைப் பார்க்காமல் சனிக்கிழமையைத் தாண்ட முடியாது என்று தோன்றியது.

காரை ஏரிக்கரையில் விட்டோம். பள்ளத்தாக்கின் மறுபக்கத்துப் பாதையில் ஏறினோம், ரேத்தோ அந்தச் சரிவுக்குக் கிட்டப் போக விடவில்லை. இரவு முழுக்க மேகம் மூடி இருந்ததால் பனி இறுகவே இல்லை. காலையிலேயே புக்கை. வானம் தெளிவாக இருந்தால்தான் பனியின் சூடு மேலே போகும், மேகம் போர்வை போல மூடிவிடும். இதைச் சொல்லித் தந்தவன் யார் என்று எழுதத் தேவையில்லை.

தெரிந்தது. சரிவு பச்சை இல்லை, மஞ்சள். போன வருடப் புல், நீளமாக, எண்ணெய் வைத்து வாரிய தலைமயிர் மாதிரி எல்லாம் கீழ்நோக்கி. அதன் மேல் எதுவும் நிற்காது, யாருக்கும் விளங்கும். மேலே மீன்வாயின் மேலுதடு மட்டும் இன்னும் இருக்கிறது. தெற்கிலிருந்து காற்றோடு வந்த பாலைவன மண்தூசி விழுந்த பனி, அழுக்குக் காவி நிறம். கீழே பாதை முழுக்க விழுந்த பனி. உருண்டை உருண்டையாக, சீமெந்து போல இறுகிப்போய்.

ரேத்தோ சொன்னது, அவன் சொன்னபடி: அவர்கள் ஒரு பிழையும் விடவில்லை. விடிய முன் ஏறினார்கள், அப்பப்பனியில் இறங்கினார்கள், வெயில் ஏற முன் கீழே வந்துவிட்டார்கள். பனி முடிந்தது, ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்தார்கள். வீட்டுக்குப் போகிற பாதை. அந்தச் சரிவுக்குக் கீழே ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, நிற்காமல். ரேத்தோ முதலில் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தான். யோனாஸ் பாதியில். சாப்பிடவில்லை, கதைக்கவில்லை, நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தான்.

"சத்தம் பெரிதாகக்கூட இல்லை" என்றான் ரேத்தோ. "கருவி உடனே காட்டியது. நான் தோண்டினேன், துளசி. அவ்வளவு பாரம். ஈரப் பனி அவ்வளவு பாரம்."

அவன் உள்ளங்கைகளைக் காட்டினான். கொப்புளம் எல்லாம் உடைந்து. நான் பிடித்துக்கொண்டேன்.

யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று வந்தேன். ரேத்தோ மேல், யோனாஸ் மேல், சட்டை அளவு மேல். ஒருவர் மேலும் பட முடியவில்லை. புல் வழுக்கியது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"மேலே உச்சியில் இருந்துகொண்டு உன் ரோல்ஸ் சாப்பிட்டோம்" என்றான் ரேத்தோ இறங்கும்போது. "உறைப்பு என்று எனக்குக் கண்ணீர். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். உன் அம்மாவிடம் செய்முறை கேட்க வேண்டும் என்றான். நேராகப் போய்க் கேட்கப் போகிறேன் என்றான், இந்த வசந்தத்துக்குள்."

பாதையோரம், பனி விலகிய இடத்தில், சின்னச் சின்ன ஊதாப் பூக்கள். ஈரப் புல்லுக்குள்ளிருந்து. எவ்வளவு அவசரம் இவற்றுக்கு. ஒன்றைப் பிடுங்கலாம் என்று குனிந்தேன், பிடுங்கவில்லை.

ரேத்தோ என்னை ஸ்டேசனில் இறக்கிவிட்டான், ரயிலில் வில் வரை அழுதேன். எதிரே இருந்த பெண் துடைக்கிற தாள் ஒன்றை நீட்டிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நல்ல மனுஷி.


ஏப்ரல் 17, வெள்ளி

வெயில் திரும்பிவிட்டது. இரவு தெளிவாம். நாளை நல்ல பனி.

வேலை முடிந்து வர, வீடு முழுக்கத் தட்டுகள். சோபாவில் பழத்தட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் பூத்தட்டு, என் கட்டிலில் பலகாரத் தட்டு. சின்னம்மா மண்டபத்துக்குக் கொண்டுபோக முன் எல்லாவற்றையும் இங்கே வைத்து அடுக்கிப் பார்க்கிறார்.

சின்னம்மா: "என்னடி முகம் காஞ்சு போய்க் கிடக்கு? நாளைக்கு வீடியோக்காரன் உன்னைத்தான் முதல் எடுப்பான்."

அம்மா: "வேலையிடத்திலை ஒரு பெடியன் தவறிப் போச்சு. பிள்ளை யோசிக்குது."

சின்னம்மா: "உந்த மலையிலை ஏறினவனோ? உவையளுக்கு உயிர் மலிவு. இருக்க வீடு, சாப்பிடச் சாப்பாடு, அதை விட்டிட்டுப் பனிக்கை போய் விழுறது." பிறகு அதே மூச்சில், "அக்கா, வாழைப்பழம் ஒரு சீப்புக் காணாது."

அவர் போகும்வரை பல்கனியில் மிளகாய்க் கன்றுகளோடு நின்றேன். சின்னம்மா கெட்டவர் இல்லை. அப்பா போனபோது மூன்று கிழமை எங்களோடு வந்து தங்கிச் சமைத்தவர். இருந்தாலும் அந்த வாயை ஒருமுறை தைத்துவிட வேண்டும் போல இருந்தது.

உள்ளே வந்தேன். அம்மா என் மஞ்சள் சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். மேசையில் விளக்குத் தட்டு, திரி போட்டு, பூச்சுற்றி. அம்மா தானே சுற்றியிருக்கிறார், மல்லிகைப்பூ கிடைக்காமல் வெள்ளை ரோசாவில்.

"ஒருக்காத் தூக்கிப் பார் பிள்ளை, பாரமோ எண்டு."

கையை நீட்டினேன். தட்டைத் தொடாமல் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன். 

"என்னாலை ஏலாது. எனக்குத் துடக்கு அம்மா."

"என்ன விசர்க்கதை? போன கிழமைதானே நீ தலை முழுகினனீ."

"அந்தத் துடக்கு இல்லை."

அயன் சேலையின் மேல் நின்றது. எரியப் போகிறது என்று நினைத்தேன். அம்மா அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார். வயரைக் கழற்றினார். எல்லாம் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆரின்ரை துடக்கு?"

"யோனாஸின்ரை."

இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல்முறை.

"தேத்தண்ணி குடிச்ச பெடியன்."

"ஓம்."

"எவ்வளவு காலம்?"

"மூண்டு வருஷம்."

அம்மா போய்ச் சோபாவில் இருந்தார். பழத்தட்டை நகர்த்திவிட்டு, அதன் இடத்தில். "அவன்ரை தாய்க்கு உன்னைத் தெரியுமோ?"

"தெரியும்."

"வீட்டுக்குப் போறனீயோ?"

"ஓம்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது."

  சிநேகிதருக்கு என்ன துடக்கு என்று கேட்கப் போகிறார், ரத்தமா தாலியா என்று கேட்கப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.  அம்மா விளக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சுற்றியிருந்த ரோசாப்பூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார். நடுவிலேயே நிறுத்திவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். எனக்காக அழுதாரா, தனக்காகவா, கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனவனுக்காகவா, எனக்குத் தெரியாது.

பிறகு போனை எடுத்துச் சின்னம்மாவுக்கு அடித்தார். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

"என்னக்கா, வாழைப்பழமோ? நான் வழியிலை வாங்கிட்டன்."

"இல்லை. நாளைக்கு நாங்கள் வரேலாது."

"என்ன சொல்லுறியள்? துளசிக்குச் சுகமில்லையோ?"

"எங்களுக்குத் துடக்கு."

சின்னம்மா காரை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"துடக்கோ? ஐயோ, ஆர் அக்கா? ஊரிலையோ?"

"இல்லை" என்றார் அம்மா. "இஞ்சைதான்."